மந்திரி மகளின் கடைசித் தாள்

“ஏனுங்க ராவுத்தரே, கடைசித் தாளைக் கிழிச்சுப்போட்டு விக்கறதுக்குப் பேரு யாவாரமுங்களா?”

கோவிந்தாபுரம் கடைவீதியே திரும்பிப் பார்த்தது. மயிலாத்தாள் நாவலைப் புத்தகக் கடை அப்துல் சமதுவின் கல்லாப்பெட்டி மேல் விட்டெறிந்தாள்.

கோபம் வராதா பின்னே? விதைக்கடலை உரிக்க வரும் பெண்கள் பாதியைத் தின்றுவிடாமல் இருக்கத்தான் அவள் அந்த நாவலையே வாங்கினாள். கதை கேட்கிற வாய் கடலை தின்னாது என்பது அவள் கண்டுபிடிப்பு.

அதுவும் என்ன கதை! மந்திரி வீட்டுப் பெண் காரோட்டியோடு ஓடிப்போன காதல் கதை. பெயரை மாற்றியிருந்தாலும் அது எந்தக் குடும்பம் என்று ஊரே பேசிக்கொண்டது.

மயிலாத்தாளுக்குப் படிக்கத் தெரியாது. தன் வீட்டில் வாடகைக்கு இருக்கும் தையல் டீச்சர் சரஸ்வதியம்மாளை உட்காரவைத்து உரக்கப் படிக்கச் சொன்னாள்.

“எனக்கு வேண்டாமுங்க அக்கா.”

“குடியிருக்கற ஊட்டுக்கு இதுகூடச் செய்யமாட்டயா?”

டீச்சர் குனிந்த தலை நிமிராமல் படித்தாள்.

“அப்பன் மானத்தைக் காத்துல உட்ட கழுதை!” என்று மயிலாத்தாள்தான் தொடங்கிவைப்பாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஓரிடத்தில் டீச்சர் படிப்பதை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அந்த ஓடுகாலிக்கா அழுகறே? சத்தமாப் படி புள்ளே!” என்று அதட்டியதும் மயிலாத்தாள்தான்.

சமது கல்லாப்பெட்டி மேல் கிடந்த நாவலை எடுத்து மேசைக்கடியில் போட்டார்.

“மெதுவாப் பேசுங்கம்மா. கிழிச்சது நான்தான். வந்த அத்தனை புஸ்தகத்துலயும் கிழிச்சேன்.”

“எதுக்குங்க?”

“உங்க வாய்க்குப் பயந்துதான். இப்ப உங்ககிட்டயே சொல்ல வேண்டியதாப் போச்சு.”

அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“பேரையெல்லாம் மாத்தி எழுதின புண்ணியவான் ஊரை மாத்தலீங்க. அந்தப் பொண்ணு இப்பக் கோவிந்தாபுரத்துல தையல் சொல்லிக்கொடுத்துப் பொழைக்குதுன்னு கடைசித் தாள்ல அச்சடிச்சுட்டான். நம்மூர்ல தையல் டீச்சர் எத்தனை பேருங்கம்மா?”

மயிலாத்தாளுக்குத் தெரிந்து ஒருத்திதான். டீச்சரின் புருஷன் மில் லாரி ஓட்டுகிறவன். சொந்தக் கதையை அவள் வாயாலேயே படிக்கவைத்து, வரிக்கு வரி அவளைத் திட்டியிருக்கிறோமே! கூனிக் குறுகிப்போய் வீடு வந்து சேர்ந்தாள்.

முற்றத்தில் பெண்கள் காத்திருந்தார்கள்.

“தாள் கெடச்சுதுங்களாக்கா? அந்த ஓடுகாலி கடைசியில என்ன ஆனா?” என்று கேட்டாள் முத்தாத்தாள்.

டீச்சரின் கை கடலையோடு அப்படியே நின்றது.

“தாள் கெடைக்கல. ராவுத்தரு வாயால சொன்னாரு” என்றாள் மயிலாத்தாள். டீச்சரை ஏறிட்டுப் பார்க்க அவளுக்கு முகம் இல்லை.

“நல்ல சனங்க இருக்கற ஊருன்னு நம்பி, ஒரு ஊருக்கு வந்து குடியேறினாளாம்.”