ராஜ மரியாதை

கையுறை கச்சிதமாகப் பொருந்தியது. அதுவே அவளுக்கு உறுத்தியது.

இத்தனை வருடமும் ஆண்களுக்குத் தைத்த உடையில்தான் பயிற்சி. விரல் நுனிகளில் பஞ்சை அடைத்துக்கொள்வாள். சின்ன அளவு கேட்டால், "விண்வெளிக்குப் போறியா, கல்யாணத்துக்குப் போறியா?" என்று இயக்குநர் நக்கலடிப்பார். அவள் முறை வரும்போதெல்லாம் எவனாவது ஒருவன் முந்திக்கொள்வான்.

இப்போது புது ராக்கெட், புது உடை. முதல் ஆள் அவள். ஆண்கள் யாரும் முணுமுணுக்கக்கூட இல்லை. கேண்டீன் வரிசையிலேயே இடம் விடாத மகானுபாவர்கள்!

இந்த ராக்கெட்டில் இதற்கு முன் போனது ஒரு நாய்தான். அது திரும்பி வந்து நன்றாக இருக்கிறது என்றார்கள். அதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை.

இயக்குநரே அவளுக்குக் கதவைத் திறந்து பிடித்தார். இத்தனை மரியாதை எதற்கு?

யாரிடம் கேட்பது? லேசாகச் சந்தேகப்பட்டாலே போதும், பொம்பளை பயந்துவிட்டாள் என்று ஊரெல்லாம் பரப்பிவிடுவார்கள். அடுத்து காத்திருக்கும் பெண்கள் அத்தனை பேருக்கும் வழியை அடைத்துவிடுவார்கள். அதற்கு ஒரு சாக்கு கிடைக்காதா என்றுதானே இருக்கிறார்கள்.

வெளியே ராக்கெட்டுக்குக் கூட்டிப்போகும் வண்டி தயாராக நின்றது. பக்கத்தில் அவள் கணவன், தோளில் மகளுடன்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவன் எப்படி இங்கே?

பூமியை ஒரு சுற்று சுற்றிவிட்டு அவளுடைய கலம் கடலில் விழும். அதன் கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. மீட்புக் கப்பலிலிருந்து குதித்து நீந்திப் போய் அதைத் திறப்பவன் அவன். இந்நேரம் நடுக்கடலில் இருந்தாக வேண்டும். மகள் பிறந்த அன்றுகூட அவனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை.

"இயக்குநரே கூப்பிட்டு லீவு குடுத்துட்டாரு! பொண்டாட்டியைக் கிட்ட நின்னு வழியனுப்புடான்னாரு. எனக்கு மட்டும்னு நினைக்காத, கப்பல்ல எல்லாருக்குமே..."

சொல்லிக்கொண்டு வந்தவன் பாதியில் நிறுத்தினான். சிரிப்பு மட்டும் கொஞ்ச நேரம் முகத்தில் மிச்சமிருந்தது.

அவள் மகளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வண்டியில் ஏறவில்லை. பின்னால் நின்ற சகாக்களில் எவன் முதலில் கேலி பேசப்போகிறான் என்று திரும்பிப் பார்த்தாள்.

அத்தனை ஆண்களும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.