இன்னும் கொஞ்சம் கறை

"போன தடவை முத்து மாதிரி பளபளன்னு அனுப்பி வெச்சோம். அதுக்குள்ள தேக்குக் கலர்ல வந்து நிக்கிறீங்களேம்மா!"

பல் ஆஸ்பத்திரியின் உதவிப் பெண் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து மாதம்தான். வாய்க்கு மட்டும் முப்பது வருஷ சர்வீஸ். நாற்காலியில் சாய்ந்திருந்த அம்மாள் அசட்டுச் சிரிப்பு சிரித்தாள். சிரித்ததில் கறை இன்னும் நன்றாகத் தெரிந்தது.

"கறுப்புக் காபியை விடச் சொன்னோமே?"

"விட முடியலையே கண்ணு."

"சரி, கொஞ்சம் பாலாவது ஊத்திக்கிட்டீங்களா? ஸ்ட்ரா வெச்சுக் குடிச்சீங்களா? குடிச்சதும் தண்ணி விட்டுக் கொப்புளிச்சீங்களா?"

மூன்றுக்கும் இல்லை என்று தலையாட்டினாள்.

"மணிக்கணக்கா உறிஞ்சிக்கிட்டே இருக்கிறதுதான் கெடுதல். மடமடன்னு குடிச்சு முடிச்சிடணும். பீட்ரூட் சாப்பிட்டாலும் அப்படித்தான், உடனே வாயைக் கொப்புளிக்கணும். அரை மணி கழிச்சுப் பல்லு தேய்க்கணும். சின்னக் குழந்தைங்ககூடச் சொன்னா கேட்டுக்குதுங்க."

அம்மாளுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்துகொண்டு வருகிறாள், அவ்வளவுதான். பீட்ரூட் என்றால் இரண்டு கரண்டி கூடுதல். காபிக்கும் குறைவில்லை. காலையில் காபி கலப்பது வீட்டுக்காரர்தான். கரியைக் கரைத்த மாதிரி ஒரு டம்ளரைக் கொண்டுவந்து வைத்து, "மெதுவாக் குடி, யாரு விரட்டறா?" என்பார். டாக்டர் சொன்னால் கேட்டுவிடுகிற மனுஷரா அவர்?

டாக்டர் உள்ளே வந்தார். உதவிப் பெண் பஞ்சு எடுக்கப் போனதும் முகக்கவசத்தை இறக்கினார்.

"ஏம்மா இப்படிப் பண்றே?"

மகன்தான். பிடித்த பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று அவனை அப்பா அன்றைக்கே தலைமுழுகிவிட்டார். 'அவன் வீட்டு வாசப்படிய மிதிச்சே, அப்புறம் இந்த வீட்டுக்கு வராதே' என்று மனைவிக்கும் உத்தரவு. அவர் கார் இல்லாமல் அவள் எங்கும் போனதில்லை. ஆனால், வீட்டுக்குத்தானே போகக் கூடாது? பல்லில் கறை என்றால் பல் டாக்டரிடம் போய்த்தானே ஆக வேண்டும்? எந்த டாக்டர் என்று அவர் கேட்டதும் இல்லை, இவள் சொன்னதும் இல்லை. தெருமுனையில் காரை நிறுத்திப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

பிள்ளையைப் பார்க்கக் கிடைப்பது இந்த அரை மணிதான். அதிலும் வாய் நிறையப் பஞ்சும் குழாயும். கேட்க ஆயிரம் இருக்கிறது, 'ஆ' என்று திறந்த வாயால் எதைக் கேட்பது? தாடையைப் பிடித்துக்கொண்டு அவன் பேசுவான், இவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"பாப்பாவுக்கு முன்னாடி ரெண்டு பல்லு வந்திடுச்சும்மா. யாரு தூக்கினாலும் கடிக்கிறா. மூக்கு அப்படியே அப்பா மூக்கு."

போனில் படம் காட்டினான். படத்தைப் பார்த்து என்ன செய்வது? தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளக் கை துடித்தது. இங்கே கொண்டுவரச் சொல்லவும் பயம். வழியில் அவர் கண்ணில் பட்டுவிட்டால் இந்த அரை மணியும் போய்விடும்.

"அப்பாவுக்கு செட்டுப் பல்லு ஒழுங்கா உக்காருதா?"

பஞ்சை மாற்றுகிற இடைவெளியில் அவசரமாகச் சொன்னாள். "எங்கே? பேசினா டக்டக்குனு ஆடுது. மேல கீழ ஒரு பல்லுகூடச் சொந்தமில்ல. வீராப்புக்கு மட்டும் குறைச்சலில்ல."

அவன் சிரித்தான். பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"நானே அளவெடுத்து நல்லதா ஒண்ணு செஞ்சு குடுப்பேன். வரணுமே."

எல்லாம் முடிந்ததும் நாற்காலியை நிமிர்த்தினான். "அம்மா, இதோட போதும். அடிக்கடி இப்படித் தேய்ச்சா எனாமல் போயிடும். ஒரு வருஷத்துக்கு உன் பல்லை நான் தொடமாட்டேன். காபியை நிறுத்திடு."

"ஒரு வருஷமா?"

"எனக்கு மட்டும் உன்னைப் பார்க்க ஆசையில்லையா? அதுக்காகப் பெத்தவ பல்லை நானே கெடுக்க முடியுமாம்மா?"

ஒரு வருஷத்தில் பாப்பா நடக்கும், ஓடும், பேசக்கூடச் செய்யும். பாட்டி என்று ஒருத்தி இருப்பது மட்டும் அதற்குத் தெரியாது.

"ஆச்சா?" காரில் பேப்பருக்குப் பின்னாலிருந்து வழக்கமான குரல்.

"ஆச்சுங்க. இனிமே ஒரு வருஷத்துக்கு வர வேண்டாமாம். அடிக்கடி தேய்ச்சா பல்லு போயிடுமாம். காபியை அடியோட நிறுத்தச் சொல்லிட்டார்."

பேப்பர் மடங்கியது. ஆனால் அவர் காரைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ, ஒரு ஸ்பூன் போடற இடத்துல நான் மூணு ஸ்பூன் தூள் போட்டுக் கலக்கிக் குடுத்ததெல்லாம் வீணா?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அவர் திரும்பவில்லை. மெல்லக் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார்.

"எனக்கும் நாலு நாளா கடைவாய்ப் பல்லு ஒண்ணு விண்ணு விண்ணுனு வலிக்குது. வா, அந்த டாக்டர்கிட்டயே காட்டிட்டு வந்திடலாம்."

எந்தப் பல் என்று கேட்காமல் அவள் காரைவிட்டு இறங்கினாள்.