தரை தொடாத முதுகு

மனாவுஸ் நகரின் ஜூஜிட்ஸு சண்டைப் பயிற்சிக் கூடத்துக்கு அதாவுத்து சவால் விட்டுத்தான் வந்திருந்தான். பன்னிரண்டு வருடமாக மல்யுத்தம் போடுகிறவன். தோற்றவன் நாளை முதல் ஜெயித்தவனின் கூடத்தில் மாணவனாகச் சேர வேண்டும் என்று பேச்சு.

மணி அடித்ததும் எதிராளி ஜுரந்தீர் தானாகவே மல்லாந்து படுத்துக்கொண்டான். அதாவுத்துக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பாய்ந்து அவன் தோள் இரண்டையும் தரையோடு அமுக்கினான்.

"முடிஞ்சுது! தோள் ரெண்டும் கீழ!"

"அது உங்க மல்யுத்தக் கணக்கு, அண்ணே. இங்க தோத்தவன் கையால தட்டணும்." சொல்லிக்கொண்டே ஜுரந்தீர் அவன் கழுத்தைக் கால்களால் பின்னி இறுக்கினான்.

"நானாவது, தட்டறதாவது!" அதாவுத்து இன்னும் பலமாக அமுக்கினான்.

"போதும், விடு!" என்றாள் ஆசிரியை நெய்சா.

அதாவுத்துக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏன் நிறுத்தினீங்க? நான் தட்டவே இல்லையே!"

"தட்டல தம்பி, ஒத்துக்கறேன்."

"மேல இருந்தது யாரு? நான்தானே?"

"நீங்கதான்."

"அப்புறம் என்ன பஞ்சாயத்து? பன்னிரண்டு வருஷமா என் முதுகு தரையில பட்டதே இல்ல, தெரியுமா!"

கூடமே சிரித்தது.

"சரி, இப்ப உங்க கண்ணுக்கு நேரா என்ன தெரியுது?" என்று கேட்டாள் நெய்சா.

அதாவுத்து பார்த்தான். கூரையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அவனுடைய கால்கள் இரண்டையும் உயரத் தூக்கிப் பிடித்திருந்த ஜுரந்தீர் குனிந்து சொன்னான்:

"அரை நிமிஷம் நல்லாத் தூங்கினீங்க, அண்ணே. நாளைக்கு வகுப்பு ஆறு மணிக்கு."