விசிலுக்குப் பிறகு ஓர் உதை

விசில் ஊதியாகிவிட்டது. நான்கு புள்ளி முன்னால் நிற்கும் உடும்பஞ்சோலைக்காரர்கள் வண்டன்மேட்டு மைதானத்தில் இறங்கி வெடி கொளுத்துகிறார்கள். ஆனால் வண்டன்மேட்டு அணியின் மிக்கேல்ராஜ் விசிலுக்கு முன்பே எம்பிப் பந்தைப் பிடித்துவிட்டான். பிடித்தவனுக்கு ஓர் உதை உண்டு. அதுதான் ஆஸ்திரேலியப் பந்தாட்டத்தின் சட்டம். இந்த ஆட்டம் மலைக்கு வந்த நாளிலிருந்து ஒன்பது வருடமாக ஆடுகிறான். ஒரு கோப்பையையும் தொட்டதில்லை. எதிரே நான்கு கமுகுக் கம்பங்கள். நடுவே போனால் ஆறு புள்ளி, ஓரத்தில் போனால் ஒன்று. “ஆட்டம் முடிஞ்சிருச்சுல, போய் ஏலக்கா காய வை!” என்று உடும்பஞ்சோலைக்காரன் ஒருவன் கத்துகிறான். வேலிக்கு வெளியே நிற்கும் மனைவி டின்சி விடவில்லை. “கல்யாணத்துக்கே இந்தப் பந்தோட லேட்டா வந்த மனுஷன்லே அவரு! இப்பதான் ஒதைப்பாரு, பாரு!” ஏலக்காய்க் கறை படிந்த விரல்கள் முட்டை வடிவப் பந்தைக் காலுக்கு நேராக நழுவவிடுகின்றன. உதைத்த சத்தம் கேட்கிறது. வெடிப்புகையும் மூடுபனியும் பந்தை விழுங்கிவிடுகின்றன. எல்லோரும் கம்பத்தடியில் நிற்கும் நடுவரைப் பார்க்கிறார்கள். ஒரு விரல் நீட்டினால் ஒன்று, இரண்டு நீட்டினால் ஆறு. ஒரு விரல் நீள்கிறது. உடனே மறு கையிலிருந்து இன்னொன்று. அதற்குள் டின்சி வேலியைத் தாண்டிவிட்டாள்.