பின்னணி இசை

வினய், மூடப்பட்டுவிட்ட ஓர் ஆன்லைன் கேமைப் பற்றி விஜயநகர் வீட்டில் உட்கார்ந்தபடியே ஆவணப்படம் எடுத்து யூடியூபில் போட்டான். பாராட்டுகளுக்கு நடுவே, நஞ்சன்கூடு காமாக்ஷி என்பவர் மட்டும் கமெண்டில் குறை சொல்வதையே தொழிலாக வைத்திருந்தார்.

“கடைசி மேட்சில் இசையைக் குறையுங்கள்.”

“அங்கே நீங்கள் பேசாமல் இருந்தால் நன்றாயிருக்கும்.”

“நான் பேசலேன்னா அது டாகுமென்டரியா?” என்றான், எடிட்டர் சைத்ராவிடம்.

“ஒரு தடவை கேட்டுத்தான் பாரேன், மாராயா” என்று கன்னடத்தில் செல்லமாக அலுத்துக்கொண்டாள்.

“மறுபடி ஏத்தினா வந்த வியூஸெல்லாம் போயிடும்.”

சைத்ரா இசையையும் அவன் குரலையும் நிறுத்தினாள். ஆடியவர்களில் ஒருவன் மைக்கை அணைக்க மறந்திருந்தான். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு பெண் சாப்பிடக் கூப்பிட்டாள்.

“அஞ்சே நிமிஷம்மா, வந்துட்டேன்” என்றது ஒரு பையனின் குரல்.

வினய் பழைய படத்தை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்றினான். முதல் ஆளாகக் காமாக்ஷி வந்தார்.

“நன்றி தம்பி. இசைக்கு அடியில் கேட்டது என் பையன்தான். அவன் போன பிறகு அந்தக் குரல் எங்களிடம் வேறெங்கும் இல்லை. ஒரே ஒரு குறை. ‘வந்துட்டேன்’ என்றதுமே வெட்டிவிட்டீர்கள். அதற்கப்புறம் இருப்பதையும் போடுங்கள்.”

வினய் மூலப் பதிவைத் திறந்து பார்த்தான். அதுவும் அங்கேயே முடிந்திருந்தது.