ராசாத்தி அடைத்த மடை

“மாமா, அந்தம்மாவ மடையைத் தொறக்கச் சொல்லுங்க. இல்லன்னா நானே வெட்டி வுட்டுடுவேன்!”

மணிமாறன் வரப்பில் நின்று கிருஷ்ணமூர்த்தியிடம் கத்தினான். நெல்லு கதிர் வாங்குகிற நேரம். அவன் வயலில் கால் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு.

கொள்ளிடக் கரையோரம் அந்த வாய்க்காலில் பாசனம் வயல் விட்டு வயல்தான். முதலில் கிருஷ்ணமூர்த்தி வயல். அடுத்து ராசாத்தி. கடைசியில் மணிமாறன். நடுவில் இருக்கிற ராசாத்தி மடையை அடைத்துவிட்டாள். அவள் வயலில் மட்டும் தண்ணீர் தளும்பி நிற்கிறது.

ராசாத்தி அவனுக்கு அண்ணி முறை. ஒரு சாண் வரப்புக்காக ரெண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. அதனால்தான் நடுவில் ஆள் வைத்துச் சண்டை.

“ஏம்மா ராசாத்தி, நீ செய்யறது ஞாயமா?” கிருஷ்ணமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டார். “தண்ணி எல்லாருக்கும் பொது. என் வயல்லேருந்து உனக்கு வுடலையா? நான் என்னைக்காவது அடைச்சிருக்கேனா?”

“இல்லண்ணே. நீங்க அடைச்சதே இல்ல.”

“அப்புறம் என்ன?”

“இன்னும் நாலு நாள் பொறுக்கச் சொல்லுங்க அவர. ஏன்னா...”

“நாலு நாள் போனா வைக்கோலத்தான் அறுக்கணும்னு சொல்லுங்க மாமா!”

வேடிக்கை பார்க்க நின்றவர்களில் ஒருவர், “தேக்கி வச்சு மீன் வளக்கப் போவுதோ என்னமோ” என்றார். சிரிப்பு எழுந்தது.

அந்தச் சிரிப்பில் மணிமாறனுக்கு வேகம் வந்துவிட்டது. மண்வெட்டியை ஓங்கினான். ராசாத்தி ஓடிவந்து மடைக்குக் குறுக்கே சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“வெட்டாதடா! பூச்சிக்குக் குருணை மருந்து போட்டிருக்கேன்!”

ரெண்டு வருஷம் கழித்து, நேராக அவனிடமே பேசிவிட்டாள்.

“உன் மாடு இந்த மடையிலதான் வாய வைக்குது. உன் பொண்டாட்டி ஏனம் கழுவுறது இங்கதான். புள்ளைங்க இதுலதான் வுழுந்து கெடக்குதுங்க. வெஷத்தத் தொறந்து வுடச் சொல்றியா?”

மண்வெட்டி கீழே இறங்கியது.

“இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன அண்ணி?”

“போன் போட்டா எடுத்தியா? எதுக்க வந்தா மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போற.”

“அப்ப என் பயிரு?” குரலும் இறங்கிவிட்டது.

அவள் கையைக் காட்டினாள். அவள் வயலின் ஓரம் நெடுக, நட்ட பயிரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, புதிதாக ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, ரெண்டு பக்கமும் மண் அணைத்திருந்தது. ஒரு சாணுக்குச் சண்டை போட்டவள் ஒன்றரை முழத்தை விட்டிருந்தாள்.

“பெரிய வாய்க்காத் தண்ணி என் வயல்ல கலக்காம நேரா உனக்கு வந்துடும். என் பக்கம் முடிச்சிட்டேன். மேல அண்ணன் வயல் ஓரத்துலயும் வெட்டியாவணும். அவருதான் மனசு வைக்கணும்.”

எல்லோரும் கிருஷ்ணமூர்த்தியைப் பார்த்தார்கள். தண்ணீர் பொது என்றவர், இப்போது நிலத்தைக் கொடுக்க வேண்டும்.

அவர் தொண்டையைச் செருமினார். தன் வயலைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். மணிமாறனிடமிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டு மேலே நடந்து, தன் வயல் ஓரத்தில் இறங்கி வெட்ட ஆரம்பித்தார். பச்சைப் பயிர் வேரோடு பெயர்ந்து விழுந்தது.

மணிமாறன் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினான். “மாமா! மருந்து போட்டது அண்ணி. நீங்க எதுக்கு உங்க பயிர அழிக்கிறீங்க?”

கிருஷ்ணமூர்த்தி நிமிரவில்லை.

“முந்தாநாள் நானும் மருந்து அடிச்சேன் மாப்ள. மடைய அடைக்கல. அவ தேக்கி வச்சிருக்கறதுல பாதி வெஷம் என்னோடது.”