நீலத்தில் எழுதுபவர்

“இன்னையோட நீலத்தை மூடிடுறேன், ராணி.”

லோகநாதன் கணினியைப் பார்த்தபடியே சொன்னார். அடுப்படியிலிருந்து பிளேன்டீயோடு வந்தாள் யோகராணி. முறிந்த வலது கையின் பிளாஸ்டரை வெட்டி இரண்டு நாள்தான் ஆகிறது. கோப்பையை இடது கையில் பிடித்திருந்தாள்.

நீலம் என்பது லோகநாதன் உருவாக்கிய கணினி மொழி. நிவித்திகலைக்குப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைக்குக் கணித ஆசிரியராக வந்த புதிதில், மூன்று நண்பர்களோடு சேர்ந்து செய்தது. ஆங்கிலம் தெரியாதவர்களும் தமிழிலேயே புரோகிராம் எழுதலாம். நீலக்கல் தோண்டும் மாவட்டம் என்பதால் அந்தப் பெயர்.

“ஞாபகம் இருக்கா? இந்தக் குவாட்டர்ஸ்லதான் நாலு பேரும் விழுந்து கெடந்தோம். ரொட்டியும் சம்பலும் செஞ்சு போட்டுட்டு, மொத ஆளா நீதான் எழுதிப் பாத்த.”

“‘வா’ன்னு எழுதினா ‘போ’ன்னு வந்திச்சு. நாலு பேரும் என்னையத்தான் திட்டினீங்க!”

வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு நிலைக்கவில்லை. நண்பர்களில் ஒருவர் கனடாவில், ஒருவர் கத்தாரில். மற்றவர் உயிரோடு இல்லை.

“மத்த மொழியில எல்லாம் பாதி எழுதுறப்பவே மீதிய அதுவே எழுதிக் குடுக்குது. நமக்கு எழுதுறதுக்கு இருக்கிறது ஒரே ஒரு எடிட்டர். விண்டோஸ் மாறுறப்பல்லாம் அது படுத்துக்குது. பிழை எந்த வரியிலன்னு கூட ஒழுங்காக் காட்டாது. யாருக்காக இதைக் கட்டிக்கிட்டு அழுறேன்?”

“கேகாலைக்காரர் இருக்காரே. மாசம் தவறாம சந்தேகம் கேட்டு எழுதுவாரே!”

“அவரும் ரெண்டு மாசமா எழுதல. வேற மொழிக்குப் போயிருப்பாரு.”

“ஒடம்பு சரியில்லையோ என்னமோ. இன்னும் ஒரு மாசம் பாருங்களேன்.”

“மூடப்போறேன்னு போன வாரமே வெப்சைட்ல போட்டுட்டேன். ஏன்னு கேக்க ஒரு ஆள் இல்ல.”

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்த நேரம் பார்த்து மெயில் வந்த சத்தம் கேட்டது.

“கேகாலைக்காரரா பாரு.”

யோகராணி குனிந்து வாசித்தாள்.

“‘சேர், நான் மாவனல்லையிலிருந்து நுஸ்கா. எங்கள் வகுப்பில் பதினேழு பேர் நீலத்தில்தான் எழுதுகிறோம். நூறு வரியைத் தாண்டினால் எடிட்டர் நின்றுவிடுகிறது. திருத்தித் தருவீர்களா? தயவுசெய்து மூடிவிட வேண்டாம்.’”

“பதினேழு பேரா?”

லோகநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். “நூறு வரியா… இரு, இரு, அது எங்க மாட்டுதுன்னு எனக்குத் தெரியும்!” அந்தப் பழைய நாட்களின் வேகம் விரல்களில் வந்திருந்தது. டீ ஆறுவதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

அவர் தோளுக்கு மேலாக யோகராணி அந்தக் கடிதத்தை மறுபடியும் வாசித்தாள். கண் நிறைந்து எழுத்துகள் மங்கின.

இந்தப் பதினொரு வருடத்தில் நீலத்துக்கு வந்த கடிதங்களில், அவள் எழுதாத முதல் கடிதம் அது.